தேர் வடம் இழுத்த பனிமலை

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்; பாதி வழியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். பதின்மூன்று வயதில், காய்ச்சல் எதுவும் இல்லாமல், நல்ல பகல் வெளிச்சத்தில், முருகனுடைய தேர் வடத்தை எடுத்துவந்து சீமெந்து குழைக்கும் மிசினின் வயிற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதைப் பிடித்துக்கொண்டு பனிமலை ஏறியவன் நான். அதுவும் பாரிஸின் புறநகரான, மலை என்பதே இல்லாத பொண்டியில். இன்று எனக்குப் பாரிஸ் கட்டடங்களில் 'லிஃப்ட்' திருத்துகிற வேலை. ஆட்களைக் கயிற்றில் தொங்கவிட்டு மேலே ஏற்றுவதற்கு, இவ்வளவும் செய்த ஒருவனுக்கு மாதாமாதம் சம்பளம் தருகிறார்களே என்று நினைக்கும்போது இந்த நாட்டின் மீது எனக்கிருக்கும் மரியாதை சற்றுக் குறைந்துதான் போகிறது.

நனைந்த தும்புக் கயிறும் நல்லெண்ணெயும் சேர்ந்தால் ஒரு மணம் வரும். நீங்கள் அதை முகர்ந்திருக்க வழியில்லை. முகர்ந்திருந்தால் நீங்களும் என்னைப்போல ஏதோ ஒரு அக்கிரமம் செய்திருக்கிறீர்கள் என்று பொருள். ஈரச் சாக்கின் மணத்தில் பாதி, தோசைக்கல்லின் மணத்தில் பாதி, அதற்கு மேலே ஒரு துளி மஞ்சள். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஏதாவது ஒரு பலசரக்குக் கடைக்குள் எண்ணெய்ப் போத்தல் ஒன்று கசிந்தால் போதும், இன்றைக்கும் என் முதுகுத்தண்டு சில்லிட்டுப்போகிறது.

இந்தக் கதையை நான் இருபது வருடமாகச் சொல்லிவருகிறேன். லா சப்பலில் வேலை முடிந்து தேநீர்க்கடையில் கூடுகிற கூட்டாளிகளுக்கு இது மனப்பாடம். குளிர் தொடங்கியதும் யாராவது ஒருவன், "மச்சான், அந்த வடக் கதையை எடுத்துவிடு" என்பான், நானும் எடுத்துவிடுவேன், வடை தொண்டையில் சிக்கச் சிரிப்பார்கள். சிரிக்காத இடங்களும் அதில் உண்டு. அவற்றை விட்டுவிட்டுத்தான் சொல்வது வழக்கம். இங்கே விடாமல் சொல்லப் பார்க்கிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் என்னுடைய வாய். பத்து வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து எங்களைப் 'பனி வகுப்பு'க்குக் கூட்டிப்போனார்கள். இங்கே படித்த பிள்ளைகளுக்கு அது தெரியும்: ஆசிரியையோடு முழு வகுப்பும் பஸ் ஏறி மலைக்குப் போய், பத்து நாள் அங்கேயே தங்கி, காலையில் கணக்கும் மாலையில் ஸ்கியும் படிக்கிற ஏற்பாடு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பனிமலையைக் கண்டவன் நான். கண்டேன் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். மலைக்குமேல் ஆட்களை இழுத்துக்கொண்டு போகிற கயிறு ஒன்று அங்கே இருந்தது, 'தெலெஸ்கி' என்பார்கள். ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் கயிற்றை நாம் பிடித்தால் அது நம்மை உச்சிக்கு இழுத்துப்போய்விடும். பத்து நாளில் எட்டு நாள் நான் அதிலிருந்து விழுந்துகொண்டுதான் இருந்தேன். அதை வீட்டில் எப்படிச் சொல்வது? ஆகவே வேறு கதை சொன்னேன். கயிறு என்னை விழுங்கப் பார்த்தது என்றேன். பனிச்சரிவு வந்தது, ஆசிரியையை நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன் என்றேன். இரவில் ஓநாய்கள் யன்னலுக்குக் கீழே வந்து நின்றன என்றேன். அம்மா என் தலையைத் தடவித் தடவிக் கேட்டார். அப்பா சோற்றைப் பிசைந்தபடி கேட்டார். ஏழு வயதுத் தங்கை தர்சி, சோற்றுக்கோப்பையை மறந்து, வாயைத் திறந்தபடி கேட்டாள்.

மூன்று வருடம் கழித்து அவளுடைய முறை வந்தது. பெற்றோர் கையெழுத்து வைத்துக் கொடுக்கவேண்டிய பேப்பரைக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்தாள். அப்பா லா சப்பலில் மரக்கறிக் கடையில் வேலை. பெட்டி தூக்கித் தூக்கித் தோள் ஒருபக்கம் இறங்கியிருக்கும். பேப்பரைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"பத்து நாளோ? ஓநாய் திரியிற இடத்துக்குப் பொம்பிளைப் பிள்ளையை விடேலாது. இவன் திரும்பி வந்ததே பெரிய காரியம்."

"அங்கை ஓநாய் இல்லை அப்பா. அண்ணா பொய் சொன்னவர். ரீச்சரிட்டைக் கேட்டனான்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "டேய், இருந்ததோ இல்லையோ?"

அந்த ஒரு வினாடியில் நான் 'இல்லை' என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. ஆனால் மூன்று வருடக் கௌரவம் அல்லவா? பனிச்சரிவில் ஆசிரியையைக் காப்பாற்றியவன் அல்லவா?

"ஒண்டு... தூரத்தில நிண்டது," என்றேன்.

தர்சி அழவில்லை. பேப்பரை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்தாள். அம்மா மெதுவாக, "திங்கட்கிழமை வரைக்கும் நாள் கிடக்குப் பிள்ளை. நான் அப்பாவோட கதைச்சுப் பாக்கிறன்" என்றார். அம்மா கதைத்தால் நடக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவின் 'விடேலாது' முதல் நாள் இரும்பு, மூன்றாம் நாள் மெழுகு. தர்சிக்கும் தெரியும். தன் கட்டிலுக்கடியில் ஒரு பையில் இரண்டு சோடி கம்பளிக் காலுறையும் ஒரு தொப்பியும் அப்போதே எடுத்துவைத்துவிட்டாள். ஆனால் என்னோடு மட்டும் கதைப்பதை நிறுத்திக்கொண்டாள். இரண்டு நாள் தாங்கினேன். சனிக்கிழமை பின்னேரம் பனி கொட்டத் தொடங்கியது, யன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றவளிடம் போய், "மலையை இஞ்சை கொண்டுவாறன். நீ ஏறு" என்றேன்.

"எப்ப?"

"நாளைக்கு."

இரண்டு நாளில் அவள் என்னோடு பேசிய முதல் சொல் அந்த 'எப்ப'. அதற்காகவே நான் மலையைக் கட்டவேண்டியதாயிற்று.

பொண்டியில் நாங்கள் இருந்தது பின்வளவோடு கூடிய பழைய தனிவீடு. அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் சேர்ந்து, ஞாயிறு ஞாயிறாக, வீட்டின் பின்பக்கத்தில் ஓர் அறை இறக்குவதற்கு அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிய மண்ணெல்லாம் வளவின் கோடியில் குவிந்து, என்னைப்போல் இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றது. தள்ளுவண்டி ஏற்றி ஏற்றி அதன் ஒரு பக்கம் நல்ல சாய்வாகவும் ஆகியிருந்தது. அதன் மேல் பனி விழுந்ததும், சொன்னால் நம்பமாட்டீர்கள், சின்ன அல்ப்ஸ். கீழே 'பெத்தோனியேர்' நின்றது. சீமெந்து குழைக்கிற மின்சார மிசினுக்கு அப்பாவின் கூட்டாளிகள் சொல்லுகிற பிரெஞ்சுப் பெயர் அது. பெரிய வயிறு, மெதுவாகச் சுற்றும், நிறுத்த ஆளில்லாத பிடிவாதம். அதைப் பார்த்த கணத்திலேயே எனக்குத் தெலெஸ்கி விளங்கிவிட்டது. மிசினின் வாயைப் பக்கவாட்டில் சாய்த்து, கயிற்றை அதன் வயிற்றில் சுற்றி, மறுநுனியை மலையுச்சியில் ஒரு சில்லில் மாட்டிவிட்டால் கயிறு ஓடும். கயிறு ஓடினால் ஆள் ஏறும். இதில் எங்கே தவறு? இன்று வரை, பொறியியல்படி, தவறு எதுவும் இல்லை.

கயிறுதான் இல்லை. இருந்த கயிறு ஒன்றே ஒன்று.

எங்கள் கோயில் பெரிய கோயில் அல்ல. வாடகைக் கொட்டகை ஒன்றில் முருகன் வள்ளி தெய்வானையோடு இருந்தார். வருடத்தில் ஒருநாள், வெயில் காலத்தில், சிறிய தேர் ஒன்றில் ஏறி இரண்டு தெருச் சுற்றுவார். கொட்டகை ஒழுகும் என்பதால் தேர் வடத்தை வைப்பதற்கு ஈரமில்லாத இடம் தேடினார்கள். எங்கள் வளவிலிருந்த கொட்டில் கிடைத்தது. அன்றிலிருந்து அப்பா 'வடம் வைச்சிருக்கிறவர்' ஆனார். வருடம் முழுக்கப் பெட்டி தூக்குகிற மனிதர், தேரன்று வெற்று மேலோடு, வேட்டி சால்வையோடு, வடத்தின் முதல் நுனியைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடப்பார். அன்றைக்கு மட்டும் இரண்டு தோளும் நேராகிவிடும். வடத்தை வெள்ளை வேட்டியில் சுற்றி மேல் தட்டில் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைகளில் அம்மா சாம்பிராணி காட்டுவார். சட்டங்கள் இரண்டே இரண்டு: வடத்தைத் தாண்டக்கூடாது; சப்பாத்தோடு கிட்டப் போகவே கூடாது. "அது கயிறில்லை. அவரைப் பிடிச்சுக்கொண்டு வாற கை" என்பார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்கும், பூசை முடிந்து நடக்கிற சபைக் கூட்டத்துக்கும் அம்மாவும் அப்பாவும் புறப்பட்டுப் போனார்கள். மத்தியானம் தாண்டித்தான் வருவார்கள். தர்சிக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்று வீட்டில் விட்டார்கள். "தங்கச்சியை வடிவாப் பார். வெளியில விடாதை" என்று அம்மா வாசலில் நின்று எனக்கு மட்டும் சொன்னார். கார் தெருமுனையில் திரும்பிய சத்தம் கேட்டதும் நான் கொட்டிலுக்குள் போய், சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டு, பக்தியோடு வடத்தை இறக்கினேன். கழற்றினேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கு எனக்கு ஒழுக்கம் இருந்தது. வெளியே வந்ததும் பனி சுட்டது, திரும்பப் போட்டுக்கொண்டேன்.

பிள்ளையின் மணிக்கட்டுப் பருமனில் தும்பு வடம். மஞ்சளும் குங்குமமும் சந்தனமும் ஊறி, ஒவ்வொரு புரியும் ஒவ்வொரு நிறம். இரண்டு நுனியையும் சேர்த்து முடிச்சுப் போட்டேன். மிசினின் கால்களில் சீமெந்துப் பைகளை ஏற்றினேன். மலையுச்சியில் தடித்த மரக் கம்பம் ஒன்றை நட்டு, பக்கத்து வீட்டுப் பழைய சைக்கிளின் சில்லை அதில் கட்டினேன். ஸ்கி வேண்டுமே? வரவேற்பறைத் தரைக்கு ஒட்டி மிஞ்சிய வழுவழுப்பான பலகைகள் இரண்டை எடுத்துக் காலில் பொதி நாடாவால் சுற்றினேன். மலையில் ஸ்கியின் அடியில் மெழுகு பூசுவதைப் பார்த்திருக்கிறேன்; எங்கள் வீட்டில் மெழுகு இல்லை, அப்பா கடையிலிருந்து கொண்டுவரும் நல்லெண்ணெய் இருந்தது. எண்ணெய் தேய்த்து முழுகினால் உடம்பு வழுக்குகிறது, பலகை வழுக்காதா? அரைப் போத்தலை ஊற்றித் தேய்த்தேன். தேய்த்த கையோடு வடத்தைப் பிடித்தேன். இப்போது அந்த மணம் எப்படி வந்தது என்று உங்களுக்கு விளங்கியிருக்கும்.

மிசினில் ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. அதன் பச்சைப் பட்டன் பழுது. அமத்தினால் ஓடும், விரலை எடுத்தால் நின்றுவிடும். குழைக்கிற நாள்களில் அப்பாவின் கூட்டாளி ஒருவர் அதை அமத்திப் பிடித்துக்கொண்டே நிற்பார். தர்சியை அதில் நிறுத்தினேன். கையுறை போட்டால் பட்டன் வழுக்குகிறது என்று வலக்கைக் கையுறையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெறும் பெருவிரலால் அமத்தினாள்.

முதல் தரம் நான்தான் ஏறினேன்; சோதனை ஓட்டம், ஆபத்தானது, பெரியவன்தான் செய்யவேண்டும். மூன்றடி போய் முகம்குப்புற விழுந்தேன். இரண்டாம் தரம் பாதி மலை. மூன்றாம் தரம் வடம் என்னை இழுத்தது, பலகைகள் எண்ணெயில் வழுக்கின, மண்குவியலின் உச்சி தானாக என்னிடம் இறங்கி வந்தது. பள்ளிக்கூட மலையில் எட்டு நாள் நடக்காத காரியம் பொண்டியில் நடந்துவிட்டது! நான் உச்சியில் நின்று கத்திய கத்தலுக்கு மதிலின் மறுபக்கத்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டு மிசே அந்துவான். புதுச்சேரிக்காரர், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஞாயிறு பூசைக்குக் கோட்டுப் போட்டுத் தயாராக நின்றார். சைக்கிள் சில்லின் சொந்தக்காரரும் அவரே.

"என்னா தம்பி, நம்ம வீட்டுச் சில்லு மாதிரி இருக்குதே?"

"ஓம் மிசே. பின்னேரம் தந்திடுவன்."

"அது கெடக்குது. கயித்துல மஞ்ச குங்குமம்லாம் இருக்குது, சாமி கயிறா?"

"பழசு, மிசே."

அவர் தன் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்காகவா முருகனுக்காகவா தெரியவில்லை. போகிற போக்கில், "பாப்பா எப்ப ஏறப்போவுது? வெறைச்சுப்போய் நிக்குது பாரு" என்றார்.

"அடுத்தது அவதான்," என்றேன்.

அதன் பிறகு எத்தனை தரம், யாருக்குப் பிறகு யார் என்ற கணக்கெல்லாம் என்னிடம் இல்லை. காலை முழுக்க நானும் தர்சியும் மாறி மாறி ஏறினோம், இறங்கினோம், உருண்டோம். லா சப்பலில் நான் சொல்வது அப்படித்தான். அந்த இடத்தில் கூட்டாளிகளின் முகம் கொஞ்சம் இளகும்.

பதினொரு மணி இருக்கும். குளிரில் வடம் விறைத்து வழுக்கத் தொடங்கியது. கை சோர்ந்துபோன நான், என் வாழ்க்கையின் இரண்டாவது பெரிய கண்டுபிடிப்பைச் செய்தேன்: அம்மாவின் கம்பளி மப்ளரை இடுப்பில் கட்டி, அதன் மறுநுனியை வடத்தில் இறுக்கி முடிந்துகொண்டால் கையே வேண்டாம்! கைகளை விரித்து, விமானம் போல, உச்சிக்குப் போகலாம். போனேன். பாதி வழியில் வீட்டு வாசலில் கார்க் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, நான்கைந்து. கோயில் கொட்டகையின் சூடாக்கி குளிரில் நின்றுபோனதையும், பூசையைச் சுருக்கிக்கொண்டு சபைக் கூட்டத்தை எங்கள் வீட்டில் வைப்பதற்காக எல்லோரும் புறப்பட்டு வந்ததையும் பிறகுதான் அறிந்தேன்.

"நிப்பாட்டு தர்சி! நிப்பாட்டு!"

அவள் விரலை எடுத்தாள். மிசின் நிற்கவில்லை. காலை முழுக்க நின்று நின்று ஓடிய பட்டன், அந்த ஒரு தரம், பனியில் இறுகி உள்ளேயே ஒட்டிக்கொண்டது. நான் போய்க்கொண்டிருந்தேன். இடுப்பில் முடிச்சு. எனக்கு முன்னால் சைக்கிள் சில்லு, அதன் கம்பிகள், வடம் உள்ளே நுழைகிற இடுக்கு. நகத்தால் முடிச்சைப் பிறாண்டினேன். எண்ணெய்க் கை வழுக்கியது. பின்கதவு திறந்தது. அப்பா. அவருக்குப் பின்னால் கோயில் தலைவர், அவருக்குப் பின்னால் கோட்டும் திருநீறுமாக நான்கு பேர், அவர்களுக்குப் பின்னால் அம்மாவின் முகம்.

ஆறு ஆம்பிளைகளில் முதலில் வாய் திறந்தவர் தலைவர். அவர் சொன்ன முதல் வார்த்தையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "ஐயோ, வடம்! எல்லாரும் சப்பாத்தைக் கழட்டுங்கோ!" என்றார். நான்கு பேரும் படியில் குனிந்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்கள். அவ்வளவு நல்லவர்கள். பிள்ளை ஒன்று சில்லுக்குள் போய்க்கொண்டிருக்க, பழகிய கை தானாகச் சப்பாத்து நாடாவைத் தேடிப்போனது.

அப்பா குனியவில்லை. கோயிலுக்கென்று துடைத்துப் போட்டிருந்த கறுப்புச் சப்பாத்தோடு ஓடிவந்தார். பனியில் ஓடி, மண்ணில் ஏறி, வடத்தின் மேலேயே இரண்டு தரம் மிதித்து, என் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அதே கணத்தில் தர்சி, மிசினின் மின்கம்பியை இரண்டு கையாலும் பற்றி, காலை ஊன்றி, வேரோடு பிடுங்குவதுபோலப் பிடுங்கிக்கொண்டு மல்லாக்க விழுந்தாள். மிசின் நின்றது. எனக்கும் சில்லுக்கும் நடுவே ஒரு சாண். அப்பா மப்ளரைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். என் கை, விரல், வயிறு எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வலது சப்பாத்து வடத்தின் மேல் இருந்தது.

அவர் அந்தக் காலை எடுத்த விதம்! சுடுகிற ஒன்றிலிருந்து எடுப்பதுபோல. சப்பாத்தைக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார், இரண்டையும் தூரத் தள்ளிவைத்தார். வெறுங்காலோடு, பனிக்குள், மலையுச்சியிலிருந்து மிசின் வரைக்கும், வடத்தைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். எண்ணெயையும் சேற்றையும் தன் வெள்ளைச் சட்டையால் துடைத்துத் துடைத்துச் சுருட்டினார். மிசினின் வயிற்றடியில் வடம் பல்லுச்சக்கரத்துக்குள் நழுவி, மூன்று புரியில் இரண்டு புரி மென்று துப்பியதுபோலக் கிடந்தது. அந்த இடம் வந்ததும் நின்றார். நான்கு பேரும் கழற்றிய சப்பாத்தைக் கையில் பிடித்தபடி காலுறையோடு படியில் நின்றார்கள். அவருடைய பாதங்கள் அப்படிச் சிவந்து நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

தலைவர் கெட்ட மனிதர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் அது ஒரு வசதியாகக்கூட இருந்திருக்கும். தேநீர் குடிக்கும்போது மிகத் தாழ்ந்த குரலில்தான் சொன்னார்: "பிள்ளையள் அறியாமல் செய்ததுகள். அதை விடும். நீர் தெரிஞ்ச மனிசன். சப்பாத்தோட மிதிச்சதை எல்லாரும் கண்டிட்டினம். நான் என்ன செய்யிறது, சொல்லும்."

"ஓம் அண்ணை," என்றார் அப்பா. பிள்ளையைக் காப்பாற்றத்தானே மிதித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லுவார் சொல்லுவார் என்று கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வேட்டியில் சுற்றிய வடத்தைத் தலைவரின் காரில் அப்பாதான் கொண்டுபோய் வைத்தார்.

அவர்கள் போன பிறகு எங்கள் இருவரையும் குசினிக்குக் கூப்பிட்டார். கால்கள் இரண்டும் இளஞ்சூட்டுத் தண்ணீர்ச் சட்டிக்குள் இருந்தன. தர்சியின் வலக்கைப் பெருவிரலை அம்மா தன் உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது நீலம் பாரித்திருந்தது. 'பனியில் விளையாடினால் அப்படித்தான்' என்று நினைத்தேன்.

"ஆர் ஏறினது?"

இங்கேதான் நான் வீரனானேன். குற்றத்தைத் தனியே சுமப்பதைவிடப் பங்குபோட்டால் பாரம் குறையும் என்று தோன்றியது. அதைவிட, தங்கைக்கு மலையைக் கொடுத்தவன் என்ற பெயரையும் விட மனமில்லை.

"ரெண்டு பேரும் அப்பா. மாறி மாறி."

தர்சி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், என்னவோ நினைத்து மூடிக்கொண்டாள்.

"அப்ப ரெண்டு பேருக்கும் பனி காணும், இனி வேண்டாம்," என்றார் அப்பா. தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து, ஈரக்காலோடு நடந்துபோய், குளிர்சாதனப் பெட்டியின் கதவிலிருந்த பேப்பரை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அம்மா, "அவள் சின்னன், அவளுக்கென்ன..." என்று தொடங்கி, அவருடைய முகத்தைப் பார்த்து நிறுத்தினார். திங்கட்கிழமை வந்தது, போனது. வகுப்பு மலைக்குப் போன பத்து நாளும் தர்சி வேறொரு வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து படம் கீறிவிட்டு வந்தாள். கட்டிலுக்கடியில் இருந்த பையை எப்போது அவிழ்த்தாள் என்று தெரியாது.

அந்த வருடத் தேருக்கு நைலோன் வடம் வந்தது. நீல நிறம். அப்பா வெற்று மேலோடுதான் வந்திருந்தார். ஆனால் கூட்டத்துக்குள், வடத்திலிருந்து பத்தடி தள்ளி நின்றார். தேர் நகர்ந்தபோது அவருடைய இரண்டு கையும் தாமாக முன்னுக்குப் போய், பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாமல், திரும்பி வந்ததை நான் கண்டேன். நான் அதிர்ந்துபோனேன் என்று எழுதினால் அது சின்னச் சொல். இன்றைக்கும் அவர் தேருக்கு வருகிறார். இன்றைக்கும் அதே பத்தடி.

இப்போது அந்த வீடு இல்லை. அதை விற்று நாங்கள் மாடிவீட்டுக்குப் போன பிறகு, அந்த வரிசையையே இடித்து நான்கு மாடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். அதற்குள் ஒரு லிஃப்ட் ஓடுகிறது. அதைத் திருத்துவது வேறு ஒருவன், அந்த அளவில் அங்கே குடியிருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். மண்மலை எந்தப் பள்ளத்தை நிரப்பியதோ தெரியாது. மிசே அந்துவான் மகளோடு தெற்கே போய்விட்டார். அவருடைய சில்லு திருப்பிக் கொடுக்கப்படவேயில்லை. பனியும் இப்போதெல்லாம் வந்தால் மத்தியானத்துக்குள் கரைந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது கதை ஒன்றுதான். அதையாவது நான் பழுதில்லாமல் வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன சனிக்கிழமை தர்சி மரக்கறி வாங்க லா சப்பலுக்கு வந்திருந்தாள். அவளுடைய மகள் மாயாவும் கூட வந்தாள். மூன்று பேரும் தேநீர்க்கடைக்குள் ஒதுங்கினோம். மாயா பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்து மேசையில் வைத்தாள். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பனி வகுப்பு. தர்சி அதை வாசிக்கக்கூட இல்லை. பேனையை எடுத்தாள், கையெழுத்து வைத்தாள், திருப்பிக் கொடுத்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நிறைந்தால் நான் பேசுவேன், அது என் வியாதி. வடக் கதையை முழுதாக எடுத்துவிட்டேன். ஓநாய், எண்ணெய், மிசே அந்துவான், தாத்தாவின் வெறுங்கால். மாயா தேநீர்க்கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"உன்ர அம்மா மலைக்குப் போகேல்லையெண்டு கவலைப்படாதை," என்றேன் அவளிடம். "நான் மலையையே அவவுக்குக் கொண்டுவந்து குடுத்தனான். காலமை முழுக்க ரெண்டு பேரும் மாறி மாறி ஏறினது."

மாயா தாயின் பக்கம் திரும்பி, "செ வ்ரே, மமோன்?" என்று கேட்டாள். உண்மையா என்று.

தர்சி தேநீரை ஊதிக்கொண்டிருந்தாள்.

"சொல்லன் தர்சி," என்றேன் நான், பெருமையோடு. "நீ எத்தனை தரம் ஏறினனி?"

அவள் கோப்பையை வைத்தாள். பேனையின் தலையைப் பெருவிரலால் ஒருமுறை அமத்தி மூடி, பைக்குள் போட்டாள்.

"அப்ப காலமை முழுக்கப் பட்டனை ஆர் அமத்தினது, அண்ணா?"